செலவு யார் பெயரில்?

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசும்போது குலம், கூட்டம், காடு தோட்டம் எல்லாம் விசாரித்து முடித்த பிறகு ஒரு கேள்வி வரும்: "பையன் சாமி கும்பிடுவானா?" கும்பிடுவான் என்றால் கேட்டவருக்குப் பாதி நிம்மதி. இப்போது இதற்கு நேர் எதிரான விசாரணையையும் பார்க்கிறேன். சென்னையில் வேலை பார்க்கும் என் தம்பி பேத்தி, வந்த வரன் ஒன்றைப் பற்றிச் சொல்லும்போது, "ரொம்பப் பக்தியாம் தாத்தா, அதுதான் யோசனையா இருக்கு" என்றாள். பக்கத்தில் இருந்த அவள் பாட்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாட்டிக்குப் பக்தி இல்லாதவன் என்றால் குடிகாரன். பேத்திக்குப் பக்தி உள்ளவன் என்றால் பெண்டாட்டியை அடக்குகிறவன். இரண்டு பேரும் செய்வது ஒரே காரியம்தான். ஒருவன் எதை நம்புகிறான் என்று கேட்டு, அவன் எப்படிப்பட்டவன் என்று முடிவு கட்டுகிறார்கள். எழுபது தாண்டியவன் இளையவர்களுக்கு ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் நான் இதைச் சொல்வேன்: அப்படி முடிவு கட்டாதீர்கள்.

நான் கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் இருந்தவன். வேளாண்மைக் கடன் சங்கம், பால் சங்கம், நெசவாளர் சங்கம், பண்டகசாலை என்று ஊர் ஊராகப் போய்ப் பேரேடு புரட்டியே தலை நரைத்தது. தணிக்கைக்குப் போனால் காப்பி குடிப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொல்லி ரொக்கத்தை எண்ணுவது. எண்ணிய தொகையும் பதிவேட்டில் எழுதிய இருப்பும் ஒத்துப்போக வேண்டும். காப்பி வந்தால் பேச்சு வரும். பேச்சு வளர்ந்தால் செயலாளருக்கு அவகாசம் கிடைக்கும். அவகாசம் கிடைத்தால் பக்கத்து மண்டியிலிருந்து ஒரு பையன் மஞ்சள் பையோடு பின்வாசல் வழியாக வருவான்.

பெட்டிக்கு மேலே சுவரில் எப்போதும் ஒரு படம் மாட்டியிருக்கும். ஒரு சங்கத்தில் லட்சுமி, ஊதுபத்திப் புகையோடு. இன்னொன்றில் பெரியார். வேறொன்றில் வேளாங்கண்ணி மாதா. சில இடங்களில் காமராசர், சில இடங்களில் அண்ணா. அந்தப் படத்துக்கும் கீழே இருந்த இருப்புக்கும் எந்தத் தொடர்பையும் நான் கண்டதில்லை. மாலை போட்டு, செருப்பில்லாமல் நடந்து, ஒரு வேளைச் சாப்பாடு சாப்பிட்ட செயலாளரின் பெட்டியில் பணம் குறைந்திருக்கிறது. கடவுள் இல்லை என்று மேடை ஏறிப் பேசுகிறவரின் கிடங்கில் உர மூட்டை குறைந்திருக்கிறது. அதே மாதிரி மாலை போட்ட வேறொருவரின் கணக்கு பைசா சுத்தமாக இருந்திருக்கிறது. மேடை ஏறிப் பேசும் வேறொருவர், வறட்சிக் காலத்தில் உறுப்பினர்கள் கட்ட முடியாத தவணையைப் பற்றித் தூக்கமில்லாமல் கிடந்ததையும் பார்த்திருக்கிறேன்.

பிடிபட்டவர்கள் எல்லாரும் சத்தியம் செய்வார்கள். சிலர் பிள்ளை தலையில் அடித்து, சிலர் கற்பூரம் ஏற்றி, சிலர் கொள்கையின் பேரில். கற்பூரம் வவுச்சர் ஆகாது என்று என் மேலதிகாரி ஒருவர் சொல்வார். கொள்கையும் ஆகாது.

ஆனால் அந்த வேலை எனக்கு ஒரு கேள்வியைக் கற்றுக்கொடுத்தது. எந்தச் செலவைப் பார்த்தாலும், இது யார் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரின் கைநாட்டு, அவருக்கே தெரியாத கடனின் கீழே இருக்கும். கடன் வாங்கியவர் ஒருவர், கட்ட வேண்டியவர் வேறொருவர். நம்பிக்கையையும் இந்தக் கண்ணால் பார்க்கப் பழகிக்கொண்டேன். எந்த நம்பிக்கைக்கும் ஒரு செலவு உண்டு. அந்தச் செலவை நம்புகிறவரே ஏற்கிறாரா, அடுத்தவர் பெயரில் எழுதிவிடுகிறாரா என்பதுதான் பார்க்க வேண்டிய இடம்.

வேண்டுதல் ஒருவருடையது, அன்னதானத்துக்கு அரிசி கொடுக்க வேண்டியவர்கள் கடைத்தெரு வியாபாரிகள். மாமனார் மடி ஆசாரத்தோடு இருப்பார், விடியற்காலை நாலு மணிக்கு ஈரத்தலையோடு அடுப்பு மூட்ட வேண்டியவள் மருமகள். கணவர் பகுத்தறிவாளர், கோயிலுக்குப் போகக்கூடாது என்று கட்டளை மனைவிக்கு. இவற்றில் பக்தி எது, நாத்திகம் எது என்று பிரித்து என்ன ஆகப்போகிறது? மூன்று கணக்கிலும் பற்று விழுந்திருப்பது அடுத்தவர் பக்கத்தில்.

கோரா என்ற பெயரை இன்றைய பிள்ளைகள் பெரும்பாலும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கோபராஜு ராமச்சந்திர ராவ், 1902-இல் பிறந்த ஆந்திரக்காரர். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தார். 1920-களில் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் ஆசிரியராகவும் இருந்தார். மதம் மாறினால் அமெரிக்காவில் மேற்படிப்பு என்று அப்போது ஒரு வாய்ப்பு வந்தது. மறுத்துவிட்டார். அந்த நாளில் அவர் நாத்திகர் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிறகு மெல்ல மெல்ல அவருடைய நம்பிக்கை மாறியது. பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர் பூணூல் போட மாட்டேன் என்றார். அப்பா வீட்டைவிட்டு வெளியே அனுப்பினார். கடவுளைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரைக்காக 1933-இல் காக்கிநாடாவில் கல்லூரி வேலை போயிற்று. நம்பிய காலத்தில் நம்பிக்கையை விற்கவில்லை, நம்பாத காலத்தில் நம்பாததை மறைக்கவில்லை. இரண்டுக்கும் தன் சம்பளத்திலிருந்தே கொடுத்தார். எனக்கு அவருடைய நாத்திக வாதங்களைவிட இந்தக் கணக்குத்தான் பெரிதாகப் படுகிறது.

1940-இல் கல்லூரி வேலையே வேண்டாம் என்று கிருஷ்ணா மாவட்டத்தில் முதுனூர் என்ற கிராமத்துக்குப் போய் நாத்திக மையம் தொடங்கினார். மனைவி சரஸ்வதியும் அவரும் அங்கே கடவுள் இல்லை என்று பேசிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. எழுத்தறிவு, தீண்டாமை ஒழிப்பு, பௌர்ணமி இரவுகளில் எல்லாச் சாதியாரும் கூடி உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. உப்புச் சத்தியாகிரக ஆண்டில் பிறந்த மகனுக்கு லவணம் என்று பெயர் வைத்தவர்கள். அந்த லவணமும் அவர் மனைவி ஹேமலதாவும் பிற்காலத்தில், குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்ட குடும்பங்கள் வாழ்ந்த ஸ்டூவர்ட்புரத்தில் பல ஆண்டுகள் வேலை செய்தார்கள்.

இந்த நாத்திகர் 1944-இல் சேவாகிராமத்துக்குப் போய்க் காந்தியைப் பார்த்தார். தினமும் இரண்டு வேளை பிரார்த்தனைக் கூட்டம் நடக்கும் ஆசிரமம் அது. ராம நாமத்தை மருந்தாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் காந்தி. இருவரும் பலமுறை பேசினார்கள். ஒருவர் மற்றவரை மாற்றவில்லை. தன் ஆத்திகம் சரி என்றோ கோராவின் நாத்திகம் தவறு என்றோ தன்னால் சொல்ல முடியாது, இருவரும் உண்மையைத் தேடுகிறவர்கள் என்ற அளவில் காந்தி நின்றார். அந்தப் பேச்சுகளைக் கோரா பின்னர் ஒரு சிறு நூலாக எழுதி, அது 1951-இல் வந்தது.

அவர்களுக்குள் நெருக்கம் எவ்வளவு என்பது ஒரு கல்யாணத்தில் தெரியும். கோரா தன் மகள் மனோரமாவை அர்ஜுன் ராவ் என்ற தலித் இளைஞருக்குத் திருமணம் செய்துகொடுக்க முடிவு செய்தார். ஆசிரமத்தில் தானே நடத்தி வைப்பதாகக் காந்தி சொன்னார். சடங்கில் கடவுளின் பெயரால் என்று வருமே, அதை நாத்திகர் வீட்டார் எப்படிச் சொல்வார்கள்? அந்த இடத்தில் சத்தியத்தின் பெயரால் என்று வைத்துக்கொள்ளலாம் என்று காந்தியே வழி சொன்னார். அவருக்கு அது புதிய சிந்தனையும் இல்லை. வட்டமேசை மாநாட்டிலிருந்து திரும்பும் வழியில், 1931-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பேசியபோதே, கடவுள்தான் சத்தியம் என்ற தன் பழைய வாக்கியத்தைத் திருப்பிப் போட்டு, சத்தியம்தான் கடவுள் என்று சொல்லத் தொடங்கியிருந்தார். கல்யாணத்துக்கு முன்பே, 1948 ஜனவரி 30-இல் அவர் சுடப்பட்டார். அவர் இல்லாமலே மார்ச் மாதம் சேவாகிராமத்தில் அந்தத் திருமணம் நடந்தது.

காந்தியை இப்படிச் சொல்லும்போது உங்களில் கெட்டிக்காரர்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள். கேட்கவும் வேண்டும். அவருடைய நம்பிக்கைகளின் செலவு முழுவதும் அவர் பெயரில்தானா விழுந்தது? இல்லை. 1898-இல் டர்பனில் நடந்ததை அவரே சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். வீட்டில் தங்கியிருந்த குமாஸ்தாக்களின் அறைகளில் மூத்திரச் சட்டிகள் இருக்கும். அவற்றைக் காந்தியும் கஸ்தூர்பாவும்தான் சுத்தம் செய்தார்கள். பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்ட பெற்றோருக்குப் பிறந்து கிறிஸ்தவரான ஒரு குமாஸ்தா புதிதாக வந்தார். அவருடைய சட்டியை எடுக்கக் கஸ்தூர்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. கண்ணில் நீரோடு எடுத்துக்கொண்டு படி இறங்கினார். காந்திக்கு அது போதவில்லை. சந்தோஷமாகச் செய்ய வேண்டும் என்று சத்தம் போட்டார். வாக்குவாதம் முற்றி, மனைவியைக் கையைப் பிடித்து வாசற்கதவு வரை இழுத்துப் போனார்.

கொள்கை சரியானது. தீண்டாமை பாவம் என்பதில் இரண்டு கருத்து இல்லை. கஸ்தூர்பாவின் தயக்கம் தவறு என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த நேரத்தில் காந்தியின் நல்ல கொள்கைக்கான செலவு, போக வேறு இடமில்லாத ஒரு பெண்ணின் பெயரில் எழுதப்பட்டது. கொள்கை எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு சுலபமாக அடுத்தவரைக் கட்டாயப்படுத்தத் தோன்றும். கெட்ட காரியத்துக்கு ஒருவரை மிரட்டுகிறவனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் உறுத்தும். நல்ல காரியத்துக்கு மிரட்டுகிறவனுக்கு அதுவும் இராது. உங்களில் உலகத்தைத் திருத்தப் புறப்படுகிறவர்கள், அது சைவ உணவானாலும் சரி, சமத்துவமானாலும் சரி, டர்பன் மாடிப்படியை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

நம் ஊர்ப் பக்கமே ஓர் ஆத்திகரைச் சொல்கிறேன். குன்றக்குடி அடிகளார், சைவ மடம் ஒன்றின் தலைவர். பெரியாரோடு நட்பாக இருந்தவர். மடத்துக்கு வந்த பெரியாரின் நெற்றியில் அடிகளார் திருநீறு பூசியதும் பெரியார் மறுக்காமல் நின்றதும் எல்லாரும் சொல்லும் கதை. நான் அதைவிட 1982-ஐச் சொல்வேன். கன்னியாகுமரி மாவட்டம் மண்டைக்காட்டில் அந்த ஆண்டு மார்ச்சில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் கலவரம் மூண்டது. துப்பாக்கிச் சூடு, சாவு, எரிந்த வீடுகள். மடாதிபதி ஒருவர் தன் பக்கத்து மக்களுக்கு மட்டும் ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அடிகளார் கடற்கரையோர மீனவக் கிராமங்களுக்கும் போனார். இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசினார். சொந்தப் பக்கத்தில் ஏச்சு வாங்காமல் இதைச் செய்ய முடியாது என்பது கலவர ஊரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காவி கட்டியவரின் நம்பிக்கைக்கு அவரே கொடுத்த விலை அது.

காவியைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. திருவள்ளுவர் கூடாவொழுக்கம், கள்ளாமை என்ற இரண்டு அதிகாரங்களையும் துறவறவியலில் வைத்திருக்கிறார். திருட்டைப் பற்றிய அதிகாரத்தை ஏன் துறவிகளுக்குப் பக்கத்தில் வைத்தார் என்று உரைகாரர்கள் பல காரணம் சொல்வார்கள். தணிக்கைக்காரனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இதுவரை, மனிதர்களில் நல்லவர் கெட்டவர் என்று நிலையாக இரண்டு வகை இருப்பது போலப் பேசிவிட்டேன். அதுவும் முழு உண்மை இல்லை. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரில் இறையியல் படிக்கும் மாணவர்கள் 40 பேரை வைத்து ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தி 1973-இல் வெளியிட்டார்கள். பாதிரியாராகப் போகிற பிள்ளைகள். அவர்களில் சிலரிடம், பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் நல்ல சமாரியன் கதையைப் பற்றிப் பேசும்படி சொன்னார்கள். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைப் பெரிய மனிதர்கள் தாண்டிப் போக, சமாரியன் ஒருவன் நின்று உதவிய பைபிள் கதை. மற்றவர்களுக்கு வேலைவாய்ப்பு பற்றிப் பேச்சு. போகும் வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமி முனகுவார். அவர் சோதனைக்காரர்களே ஏற்பாடு செய்த ஆள். மாணவர்களில் சிலரிடம் நேரம் நிறைய இருக்கிறது என்றும், சிலரிடம் இப்போதே கிளம்பினால் சரியாக இருக்கும் என்றும், சிலரிடம் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

நேரம் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். நடுத்தர அவசரத்தில் 45 சதவீதம். தாமதம் என்று கேட்டுப் புறப்பட்டவர்களில் 10 சதவீதம். சமாரியன் கதையைச் சொல்லப் போகிறார்களா இல்லையா என்பது குறிப்பிடும்படியான வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. கதையைச் சொல்லப் போன அவசரத்தில் அந்த மனிதரைத் தாண்டிக் காலெடுத்து வைத்துப் போனவர்களும் உண்டு. நாற்பது பேர் சிறிய எண்ணிக்கைதான், ஒரே சோதனையை வைத்துப் பெரிய தீர்ப்பு எழுதக்கூடாது. ஆனாலும் ஆஸ்பத்திரி வரிசை, தாலுகா ஆபீஸ் வராந்தா, காலை நேரத்துப் பேருந்து நிலையம் இவற்றைப் பார்த்த யாருக்கும் இது புதுச் செய்தியாக இருக்காது. நம்மில் பலருடைய இரக்கத்தைத் தின்பது கொள்கைக் கோளாறைவிடக் கடிகாரம்தான்.

நம்பிக்கையூட்டும் சோதனை ஒன்றும் உண்டு. 2019-இல் சயன்ஸ் இதழில் வந்தது. இந்தியா உட்பட 40 நாடுகள், 355 நகரங்கள், 17,000-க்கும் அதிகமான பர்ஸ்கள். வங்கி, ஓட்டல், தபால் ஆபீஸ் போன்ற இடங்களில் முன்மேசையில் இருப்பவரிடம் ஒருவர் போய், தெருவில் கிடந்தது, நீங்களே பார்த்துச் சேர்த்துவிடுங்கள் என்று கொடுத்துவிட்டு வந்துவிடுவார். சிலவற்றில் பணம் இருக்கும், சிலவற்றில் இராது. உரியவரின் மின்னஞ்சல் முகவரி உள்ளே இருக்கும். பணம் இருந்தால் அமுக்கிவிடுவார்கள் என்றுதான் பொதுமக்களும் எதிர்பார்த்தார்கள், பொருளாதார நிபுணர்களும் எதிர்பார்த்தார்கள். நடந்தது தலைகீழ். பணமில்லாத பர்ஸுக்கு 40 சதவீதம் பேர் உரியவருக்குத் தகவல் அனுப்பினார்கள். பணம் இருந்த பர்ஸுக்கு 51 சதவீதம். மூன்று நாடுகளில் தொகையைப் பல மடங்கு ஆக்கிப் பார்த்தபோது 72 சதவீதம். ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று, தன்னையே திருடன் என்று நினைத்துக்கொள்ள மனிதனுக்குப் பிடிக்காது என்பது. தொகை கூடக்கூட அந்த நினைப்பு அதிகமாக உறுத்துகிறது.

இதைப் படித்தபோது எனக்குப் பழைய சங்கங்கள் நினைவுக்கு வந்தன. பெட்டியில் கை வைத்த செயலாளர்களில் தன்னைத் திருடன் என்று ஒப்புக்கொண்டவரை நான் பார்த்ததே இல்லை. பொய் சொல்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். நிஜமாகவே அவர்கள் அப்படி நினைத்துக்கொள்ளவில்லை. மகளின் சீர் செலவுக்கு எடுத்தது கைமாற்று. திங்கட்கிழமை வைத்துவிடுவேன். எந்தத் திங்கட்கிழமை என்பதுதான் எழுதப்படவில்லை. திருடன் ஆகக்கூடாது என்ற கூச்சம்தான் நம்மைக் காப்பாற்றுகிறது. அந்தக் கூச்சம் பக்தனுக்கும் இருக்கிறது, நாத்திகனுக்கும் இருக்கிறது. எடுக்கிற காரியத்துக்கு வேறு பெயர் ஒன்று கிடைத்துவிட்டால் கூச்சம் தூங்கிவிடும். அப்படிப்பட்ட பெயர்களை நம்பிக்கைகள் தாராளமாகக் கொடுக்கின்றன. கோயில் காசைத் தொட்டவர் நானும் சாமிக்குத்தானே உழைக்கிறேன் என்பார். கட்சி நிதியைத் தொட்டவர் கட்சிக்காக ஜெயிலுக்குப் போனதைச் சொல்வார். சாமி மன்னிக்கும் என்பது ஒரு வசதி, பாவ புண்ணியமே கிடையாது என்பது இன்னொரு வசதி.

ஆகவே ஆளைப் பார்த்து நம்பாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நம்புங்கள், ஆனால் அவருடைய யோக்கியத்தை அவர் ஒருவர் தலையிலேயே சுமத்திவிடாதீர்கள். நான் பார்த்த கையாடல்களில் பெரும்பாலானவை நடந்த ஊர்களில், செயலாளர் ரொம்ப நல்லவர் என்று ஊரே நம்பி, வருடக்கணக்கில் யாரும் பேரேட்டைக் கேட்காமல் விட்டிருந்தார்கள். பேரவைக் கூட்டத்துக்கு உறுப்பினர்கள் வருவார்கள், தேநீரும் மிக்சரும் வாங்கிக்கொண்டு, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். தணிக்கை அறிக்கையை வாசிக்கச் சொல்லி ஒரு குரல் எழுந்த ஊர்களில் எனக்கு வேலை குறைவாக இருந்தது.

நீங்கள் அந்தக் குரலாக இருங்கள். ஊர்ச் சங்கமோ, அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கமோ, ஆண்டுக் கூட்டத்துக்குப் போய் வரவுசெலவை வாசிக்கச் சொல்லுங்கள். கும்பாபிஷேக வசூலுக்கு வந்தாலும் ரசீது கேளுங்கள், பகுத்தறிவு மாநாட்டு நிதிக்கு வந்தாலும் ரசீது கேளுங்கள். தெரிந்தவர், பெரியவர், நம்ம ஆள் என்பதற்காக விட்டுவிடாதீர்கள். சாமி காரியத்தில் சந்தேகப்படுகிறான் என்று சிலர் சொல்வார்கள், இயக்கத்துக்கே துரோகம் என்று சிலர் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், நீங்கள் ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.